உங்களுக்குத் தெரியுமா? விடிய விடிய ஒலிக்கும் உடுக்கைக் கதை

● சூலூர், பல்லடம், காங்கயம் எனக் கொங்கு மண்ணெங்கும் வழங்கும் பெருங்கதை, அண்ணன்மார் சுவாமி கதை. பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களையும் தங்கை தங்காளையும் பற்றியது.

● கதை சொல்வதையே தொழிலாகக் கொண்ட பாடகர்கள் இதை உடுக்கையடித்துச் சொல்வார்கள். தலைமைப் பாடகர் பாட்டாகவும் வசனமாகவும் கதையை நகர்த்த, துணைப் பாடகர் பின்பாட்டுப் பாடி ஈடுகொடுப்பார்.

● ஓர் இரவில் முடிகிற கதை அல்ல இது. கனடாவின் மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1965இல் காங்கயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் 18 இரவுகள் அமர்ந்து இதை ஒலிநாடாவில் பதிவு செய்தார்.

● அந்த இரவுகளில் பாடிய அதே பாடகர் எழுதிக்கொள்ளச் சொன்ன வடிவமும், ஊரார் முன் பாடிய வடிவமும் வேறுபட்டன. கேட்பவர்களின் முகம் பார்த்துக் கதை வளரும் என்பதற்கு அதுவே சான்று.

● ஆராய்ச்சி நூலாக 1982இலும், தமிழ்–ஆங்கிலப் பதிப்பாக 1992இலும் வெளியான இக்கதை, பின்னர் 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராகவும் வந்தது.

● பின்லாந்து மக்கள், நாட்டுப் பாடகர்களிடம் திரட்டிய ‘கலேவலா’வை 1835இல் நூலாக்கி, இன்றும் தேசியக் காப்பியமாகப் போற்றுகிறார்கள். நம் கதை அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

● மணப்பாறை அருகே வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது இக்கதை இன்றும் வழிபாடாக வாழ்கிறது.

உங்கள் ஊரில் உடுக்கைச் சத்தம் கேட்டால், பிள்ளைகளையும் அழைத்துச் சென்று உட்காருங்கள். கேட்க ஆளிருந்தால்தான் கதை வாழும்.