ஊசியை நிறுத்தலாமா என்று யாரைக் கேட்பது?

1981ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் எனக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. அப்போது ஒன்பது வயது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பேன். இரவில் பாயை நனைப்பேன். இடுப்பில் நிற்காமல் பாவாடை நழுவியது. கொல்லையில் நான் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதை முதலில் கவனித்தவர் அப்பாயிதான். "பிள்ளைக்குச் சக்கரை வியாதிடா" என்று அவர் சொன்னபோது அப்பா நம்பவில்லை. அது நாற்பது வயதுக்கு மேல் வரும் நோய் என்றுதான் ஊரே நினைத்திருந்தது.

யாரிடம் காட்டுவது என்ற கேள்வி அன்று எழவே இல்லை. கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரே டாக்டர். அப்பாயியின் மூட்டு வலி, அண்ணனின் டைபாய்டு, அத்தையின் பிரசவம் எல்லாம் அவர்தான். அவருடைய அறையில் ஒரு இரும்பு முக்காலி இருக்கும். என்னை அதில் உட்கார வைத்துவிட்டு டாக்டர் அப்பாவிடம் பேசினார். அம்மா கதவோரம் நின்றாள். டைப் 1 என்ற சொல்லை அங்கே யாரும் சொல்லவில்லை. 'ஜுவனைல் டயபடீஸ்' என்று சீட்டில் எழுதினார். ஆயுள் முழுக்க ஊசி என்றார். அப்பா தலையாட்டினார். முக்காலியில் இருந்த என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு உண்மையில் வைத்தியம் சொல்லித் தந்தவர் அவரிடம் இருந்த கம்பவுண்டர். ஒரு வாரம் தினமும் காலையில் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் துணியில் சுற்றி எப்படிக் கொதிக்க வைப்பது, மருந்துக் குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே எப்படி உருட்டுவது என்று காட்டினார். அம்மாவை எலுமிச்சம்பழத்தில் குத்திப் பழகச் சொன்னார். "பழத்துக்கு வலிக்காதும்மா, தைரியமாக் குத்துங்க" என்பார். ஊரில் யார் வீட்டிலும் குளிர்பெட்டி இல்லை. ஈர மணலில் மண்பானையை வைத்து, அதற்குள் ஒரு சின்னக் கலயத்தில் இன்சுலினை வைக்கச் சொன்னதும் அவர்தான். சித்திரை வெயிலிலும் அந்தக் குப்பி சில்லென்று இருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எலியட் ஜாஸ்லின் என்ற மருத்துவர், சர்க்கரை நோயாளிகளின் வீட்டுக்கே போய்ச் சொல்லித்தரவென்று நர்சுகளைப் பழக்கி அனுப்பியவர் என்று பிற்பாடு படித்தபோது, எனக்கு அந்தச் சைக்கிள் மணிதான் காதில் கேட்டது. எங்கள் கம்பவுண்டர் ஜாஸ்லினைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

சர்க்கரையை அளக்க அன்று எங்களுக்கு இருந்தது பெனடிக்ட் கரைசல். சோதனைக் குழாயில் 5 மில்லி நீலத் திரவம், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர், கீழே ஸ்பிரிட் விளக்கு. நீலம் மாறாமல் இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் அம்மாவின் முகம் இருண்டுவிடும். நீலம் வந்தால் வீடே மகிழும். ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தாலும் அந்தக் குழாய் அதே நீலத்தைத்தான் காட்டும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாம் பீரியடில் வியர்த்து, கண் இருண்டு நான் பெஞ்சில் சாய்ந்த நாட்களின் காலை நிறமும் நீலம்தான். பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு டீச்சர் சொன்னதாக அம்மா கடைசி வரை வருத்தப்பட்டாள்.

பதினொரு வயதில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். தூரத்து உறவில் ஒரு மாமா வந்தார். இரண்டு ஊர் தள்ளி ஒரு வைத்தியர் இருப்பதாகவும், ஒரு மண்டலம் மருந்து சாப்பிட்டால் ஊசியே வேண்டாம் என்றும் சொன்னார். பெண் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க ஊசி என்றால் யார் கட்டுவார்கள் என்ற கவலை எங்கள் வீட்டில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த காலம். ஊசியை நிறுத்தினார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் வாந்தி. மூன்றாம் நாள் விடியலில் வயிற்றுவலியோடு மூச்சு ஆழமாக இழுத்தது. வாயில் அழுகிய பழம் போல ஒரு வாடை. வாடகைக் காரில் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான்கு நாள் சலைன் ஏற்றி என்னைப் பிழைக்க வைத்தார்கள்.

அந்த வைத்தியர் மேல் இன்று எனக்குக் கோபம் இல்லை. பெரியவர்களுக்கு வரும் சர்க்கரையையும் எனக்கு வந்ததையும் அவர் ஒன்றாக நினைத்தார், அவ்வளவுதான். அவர்கள் உடம்பில் இன்சுலின் ஓரளவு சுரக்கும், அது வேலை செய்வதுதான் குறைவு. எங்கள் உடம்பிலோ இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. உணவு மாற்றமோ மூலிகையோ மாத்திரையோ அந்த இடத்தை நிரப்பாது. இன்சுலினை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும், எந்தப் பட்டம் வைத்திருந்தாலும், அவரிடமிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடுகிறது. உயரட்டும்.

ஒரே டாக்டரிடம் காட்டியதில் ஒரு நிம்மதி இருந்தது. எங்கள் வீட்டு வாசற்படி வரை அவருக்குத் தெரியும். ஆனால் அவர் பார்க்காததை வேறு யாரும் பார்க்கவில்லை. மாதம் ஒரு முறை போவோம், சீட்டில் அதே யூனிட்டை மறுபடி எழுதுவார். 1996இல் எனக்கு எழுத்து மங்கியது. கண் மருத்துவர் ஒருவர் சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பார்த்துவிட்டு, "பதினஞ்சு வருஷமா யாருமே கண்ணைப் பார்க்கலையாம்மா?" என்று கேட்டார். டைப் 1 வந்தவர்களுக்கு நோய் தொடங்கி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் விழித்திரையையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்கத் தொடங்கி, பிறகு தவறாமல் பார்த்துவர வேண்டும். எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. லேசரில் பார்வையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கண்ணின் ஓரத்தில் கொஞ்சம் இருட்டு நின்றுவிட்டது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1993இல், அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 டைப் 1 நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்திருந்தது. ஒரு பிரிவினருக்கு அன்றைய வழக்கப்படி நாளுக்கு ஒன்றிரண்டு ஊசி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரைப் பார்ப்பது. இன்னொரு பிரிவினருக்கு மூன்று அல்லது அதற்கு மேல் ஊசி அல்லது பம்ப், தினம் நான்கு முறையாவது விரலில் குத்திச் சோதனை, மாதம் ஒரு சந்திப்பு, இடையில் அடிக்கடி தொலைபேசி. இரண்டாம் பிரிவில் விழித்திரை நோய் புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது. அந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குக் கண்ணில் பட்டது தொலைபேசிதான். அவர்களைப் பார்த்துக்கொண்டது மருத்துவர், நர்ஸ், உணவு ஆலோசகர், மன நல ஆலோசகர் என்று ஒரு கூட்டம். சந்தேகம் வந்த நேரத்தில் கேட்க அவர்களுக்கு ஆள் இருந்தது.

இப்போதைய கதை என் அக்கா பேரனுடையது. எட்டு வயது. தஞ்சாவூரில் இருக்கிறான். போன வருடம் வாந்தியும் வயிற்றுவலியுமாகக் கொண்டுபோனபோது, குடல்வாலாக இருக்குமோ என்று ஸ்கேன் எடுக்கப் போனவர்கள், விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பிடிபட்டுவிட்டது. இன்று அவன் கையில் ஒரு பொத்தானளவு சென்சார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அவனுடைய சர்க்கரை அவன் அம்மாவின் போனில் வந்து விழுகிறது. 1969இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற டைப் 1 பொறியாளருக்கு ரத்தச் சர்க்கரைக் கருவி வாங்க மனைவியின் மருத்துவர் பட்டம் தேவைப்பட்டது, ஏனென்றால் நோயாளிக்கு அதை விற்க மாட்டார்கள். தான் கண்டறிந்ததை மருத்துவ உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அவர் நாற்பத்தைந்து வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரானார். நோயாளிக்குத் தன் எண்ணைத் தானே பார்க்கும் உரிமை அவ்வளவு கஷ்டப்பட்டு வந்தது. எட்டு வயதுப் பையன் இன்று அதைச் சட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு பந்து விளையாடுகிறான்.

அவன் அம்மாவின் போனில் ஏழு எண்கள் இருக்கின்றன. தெருமுனைக் குழந்தை மருத்துவர், திருச்சியில் நாளமில்லாச் சுரப்பி நிபுணர், அவரிடம் இருக்கும் டயபடீஸ் எஜுகேட்டர், டயட்டீஷியன், கண் டாக்டர், ஆய்வுக்கூடம், சென்சார் கம்பெனிக்காரர். இதற்கு மேல் டைப் 1 பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று. "சித்தி, உங்களுக்கு ஒருத்தர்தான் இருந்தாரு. எனக்கு இத்தனை பேர். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்குப் போன் போடுறதுன்னு தெரியல" என்றாள்.

அவள் கேட்டது சும்மா அல்ல. ஐப்பசி மழையில் பையனுக்குக் காய்ச்சல். ராத்திரி இரண்டு முறை வாந்தி. சர்க்கரை 310. பக்கத்திலிருக்கும் மருத்துவரை அழைத்தால் அவர், பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லையே, இன்றைக்கு ஊசி வேண்டாம் என்றிருக்கிறார். அன்பான மனிதர், சளி காய்ச்சலுக்குக் கைராசிக்காரர். டைப் 1 பிள்ளைகளை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார். இவளுக்கு என் பதினொரு வயதுக் கதை தெரியும். எஜுகேட்டரை அழைத்தாள். அந்தப் பெண் முதல் மணியிலேயே எடுத்தார். நீண்ட நேர இன்சுலினை நிறுத்தவே கூடாது, கீட்டோன் பாருங்கள், தண்ணீரை வாய் வாயாகக் கொடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சோதியுங்கள் என்றார். கூடுதல் ஊசியை நிபுணரிடம் கேட்டுச் சொன்னார். வாந்தி நிற்கவில்லை என்றாலோ மூச்சு ஆழமாக இழுத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி என்றும் சொன்னார். விடிவதற்குள் எண் இறங்கிவிட்டது.

எஜுகேட்டர் என்றால் டாக்டருக்கு அடுத்த படி என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். நானோ எஜுகேட்டருக்கு நாற்காலி இல்லாத கிளினிக்குக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்பேன். டாக்டர் பத்து நிமிடம் பார்ப்பார். இட்லிக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து, பள்ளி விளையாட்டு விழாவன்று எவ்வளவு குறைப்பது, ஊசி போட்ட இடம் ஏன் தடிக்கிறது என்பதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்ல ஒருவர் வேண்டும். எங்கள் கம்பவுண்டருடைய வேலைதான் அது. இன்று அதற்குப் படிப்பும் பெயரும் வந்திருக்கிறது.

நிபுணரைத் தேர்ந்தெடுப்பதிலும் குழப்பம். 'சர்க்கரை நோய் நிபுணர்' என்ற பலகை இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது. அதற்குக் கீழே டி.எம். எண்டோகிரைனாலஜியும் இருக்கலாம், டிப்ளமோவும் இருக்கலாம், சில மாதச் சான்றிதழ்ப் படிப்பும் இருக்கலாம். பெரியவர்களின் சர்க்கரைக்கு இவர்களில் பலர் நன்றாகவே வைத்தியம் பார்க்கிறார்கள். குழந்தைக்கு, குழந்தைகளின் சுரப்பி நோய்களைப் படித்தவர் கிடைத்தால் நல்லது. தைராய்டையும் அவர் மறக்காமல் பார்ப்பார். பெரிய ஊரில் அப்படிப்பட்டவரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துவிட்டு, இடைக்காலத்துக்கு உள்ளூர் மருத்துவரை அவரோடு பேச வைப்பதுதான் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒத்துவருகிறது. இன்சுலின் செலவு முடியாதவர்கள் அரசு மருத்துவமனையில் இலவசமாக வாங்கிக்கொள்கிறார்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆனாலும் பட்டத்தைப் படித்து எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட முடியாது. திருச்சி நிபுணர் வெளிநாடு போகிறார், வேறு ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று தை மாதத்தில் அக்கா மகள் வந்து நின்றபோது, அவளுக்கு நான் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தேன். "பையன் காய்ச்சலில் ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் ஊசியை நிறுத்தலாமா?" அவர் எப்படிப் பதில் சொல்கிறார், யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று கவனிக்கச் சொன்னேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து போன் வந்தது. "சித்தி, சீட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. உள்ள போனதும் அந்தம்மா நாற்காலிய அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டாங்க. 'காச்ச வந்தா நீ என்னப்பா பண்ணுவே?'ன்னு அவனத்தான் கேட்டாங்க."

"அவன் என்ன சொன்னான்?"

"'ஊசிய நிறுத்த மாட்டேன், அம்மாச்சி அடிப்பாங்க'ன்னான்."