பேர வாவியில் மீன் மிதந்தால் கடைக்காரருக்கென்ன?

கொழும்பு பேர வாவியில் மீன்கள் செத்து மிதப்பது புதிய செய்தியல்ல. அப்படி நடக்கும்போதெல்லாம், யாரோ நஞ்சு ஊற்றிவிட்டார்கள் என்ற பேச்சுத்தான் முதலில் கிளம்புகிறது. இரசாயனம் காரணமாவதும் உண்டு. ஆனால் இத்தகைய வாவிகளில் பெரும்பாலும் மீன்கள் சாவது மூச்சுத் திணறித்தான். அதில் எமது வியாபாரங்களுக்கும் பங்குண்டு என்பதால் இவ்வாரம் இதனை எழுதுகிறேன்.

போர்த்துக்கேயர் கோட்டைப் பாதுகாப்புக்காக உண்டாக்கிய வாவி இது. ஆங்கிலேயர் காலத்தில் கரையோரக் களஞ்சியங்களிலிருந்து துறைமுகத்துக்குப் பொதிகள் படகில் போயின. வியாபாரத்துக்கு உழைத்த வாவி என்றே சொல்லலாம். இன்று மழைநீர் வடிகான்கள் வழியே கழிவுநீரும் அதில் சேர்கிறது. கழிவிலுள்ள நைதரசனும் பொசுபரசும் பாசிக்கு உரம். நீர் பச்சையாவது அதனால்தான்.

பாசி பகலில் ஒட்சிசனை வெளிவிடும். இரவில் அதுவே உறிஞ்சும். ஆகவே விடியற்காலையில்தான் ஒட்சிசன் மிகக் குறைவு, மீன் மிதப்பதும் அந்நேரத்தில்தான். 30 பாகைச் சூட்டில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசனையே தாங்கும். அது 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்கள் தப்பாது. திலாப்பியா இலகுவில் சாகாத மீன். அதுவே மிதந்தால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பாருங்கள். நீண்ட வெயிலின் பின் வரும் கடும் மழை, வடிகானில் தேங்கியதையெல்லாம் ஒரேயடியாகத் தள்ளிக்கொண்டு வந்து அடிச்சேற்றையும் கிளறிவிடும்.

ஹோட்டல் நடத்தும் சகோதரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புரியாணிச் சட்டி கழுவிய நீரிலோ சோறு வடித்த கஞ்சியிலோ நஞ்சு இல்லை. அது உணவுதான். ஆனால் வாவியில் அதனைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் மீனுக்குரிய ஒட்சிசனைத் தின்றுவிடுகின்றன. எண்ணெய் மேலே படர்ந்து காற்று கரைவதையும் தடுக்கிறது. கஞ்சிதானே என்று மழைநீர்க் கானுக்குள் ஊற்றுவதில்தான் சிக்கல்.

செலவு குறைந்த வழி, கழுவுமுன் தட்டுகளிலுள்ள மிச்சத்தை வாளியில் வழித்துப் போடுவது. அடுத்தது, கழுவுநீர் போகும் குழாயில் கொழுப்பைத் தேக்கும் தொட்டியொன்றை வைப்பது. வைத்தால் மட்டும் போதாது, நிரம்புமுன் அள்ள வேண்டும். நான் பார்த்தவற்றில் பல, நிரம்பியபடியே கிடக்கின்றன! பாவித்த எண்ணெயைத் தனிக் கேனில் சேருங்கள்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், குறித்துரைக்கப்பட்ட தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் அவசியம். உங்கள் தொழில் அதில் அடங்குமா என்பதை மாநகர சபையிலோ மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலோ இப்போதே கேட்டுவிடுங்கள். முறைப்பாடு வந்தபின் கேட்பது செலவு கூடிய வேலை.

செத்த மீன் ஹலால்தானே என்று வாதிடுவோரும் உண்டு. எமது ஷாபிஈ மத்ஹபில் தானாகச் செத்த மீனும் ஆகும், ஆனால் உடம்புக்குத் தீங்கானது ஆகாது. கழிவுநீர் வாவியில் மிதந்த மீனை எந்தக் கடையிலும் தராசில் வைக்கக் கூடாது.