வெயில் கொளுத்துது, மின்சாரம் ஏன் குறையுது?

(வானொலி உரை)



திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் பக்கம் மாடியில் சோலார் தகடு போட்டவர்களும், போடலாமா என்று யோசிக்கிறவர்களும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. "கத்திரி வெயிலில் கரண்ட் கொட்டணுமே, மாசி மாதத்தைவிடக் குறையுதே. தகடு கெட்டுப்போச்சா?"

கெடவில்லைங்க. தகட்டுக்குத் தீனி வெளிச்சம்தான். சூடு அதற்குப் பகை. ஒரு தகட்டின் திறனை அது 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது அளந்துதான் எழுதுகிறார்கள். அதற்கு மேலே ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 பங்கு வரை உற்பத்தி குறையும். வெளியே 40 டிகிரி என்றால், மாடித் தகடு 65 டிகிரிக்குப் போய்விடும். கூடுதல் 40 டிகிரி; நூற்றுக்கு 12 முதல் 16 பங்கு சூட்டிலேயே போச்சு! அதனால்தான் தகட்டைத் தளத்தோடு ஒட்டிப் போடக் கூடாது. அடியில் காற்றோட இடம் விடச் சொல்லுங்கள். வானம் தெளிவாகவும் சூடு மிதமாகவும் இருக்கும் மாசி, பங்குனிதான் நல்ல விளைச்சல் காலம்.

அடுத்தது மேகம். நம் ஊரில் 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது 2, 3 யூனிட்டுக்குக்கூட இறங்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மழை தூசியைக் கழுவிவிடும்; மறுநாள் வானம் வெளுத்தால் குளிர்ந்த தகடு நன்றாகவே வேலை செய்யும். ஒரு வாரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், வருஷக் கணக்காகப் பாருங்கள்.

இன்னொன்றைக் கவனமாகக் கேளுங்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திருவண்ணாமலையில் பெருமழை கொட்டி, டிசம்பர் 1-ல் மலையடிவாரத்தில் மண் சரிந்து 7 உயிர்கள் போயின. இப்படிப்பட்ட நாளில் லைன் கரண்ட் நின்றால், பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இணைப்பும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிற லைன்மேனுக்கு நம் வீட்டு மின்சாரம் எமனாகக் கூடாது என்று, இன்வர்ட்டரே தானாக நிறுத்திக்கொள்ளும். "மாடியில் தகடு இருக்கு, நமக்கேது இருட்டு?" என்று இருந்துவிடாதீர்கள். கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள வீடென்றால், பேட்டரி சேர்த்த இணைப்பு வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அதற்கும் மேகமூட்டத்தில் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும். விளக்குக்கும் விசிறிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2024-ல் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. மானியம் போக மீதி நம் கைப்பணம். ஆகவே வரவைச் சரிபார்க்க வேண்டியதும் நாம்தான். வாரம் ஒருமுறை யூனிட்டை ஒரு நோட்டில் குறியுங்கள். பக்கத்திலேயே வெயிலா, மேகமா, மழையா என்றும் எழுதுங்கள். இந்த மாசியைப் போன மாசியோடு ஒப்பிடுங்கள். சித்திரையோடு ஒப்பிட வேண்டாம்.

தெளிந்த வானத்திலும் குறைந்தால்தான் கோளாறு தேட வேண்டும். முதலில் தூசி, பறவை எச்சம், பிறகு நிழல். ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலே, அதோடு கோத்த மற்றவற்றையும் அது இழுத்துப்பிடிக்கும். கழுவுவதை விடியற்காலையில் செய்யுங்கள். கொதிக்கிற தகட்டில் குளிர்ந்த நீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடலாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், வெள்ளைப் படிவம் தங்காமல் துணியால் துடைத்துவிடுங்கள். ஈரத் தளத்திலும் இடி மின்னலிலும் மாடி ஏற வேண்டாம்.

மானாவாரி நிலத்தை ஒரு மழையில் எடைபோட மாட்டோமே, மாடித் தகடும் அப்படித்தான்.