காங்கேயத்துக் கடல் நிறம்

காங்கேயம் பக்கம் இருக்கும் படியூருக்கும் கடலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கிளுவை வேலியும் வேல மரமுமாக நிற்கிற வறண்ட பூமி. அந்த மண்ணைத் தோண்டி எடுத்த கல்லின் பெயரோ அக்வாமரைன். லத்தீனில் ‘கடல்நீர்’ என்று பொருள்.

இது பெரில் என்ற கனிமம். மரகதமும் பெரில்தான், ஒரே வயிற்றுப் பிள்ளைகள். துளி குரோமியம் சேர்ந்தால் மரகதப் பச்சை, இரும்பு சேர்ந்தால் இந்த வெளிர் நீலம். பட்டை தீட்டாத படிகம் பார்ப்பதற்கு ஆறு பட்டைப் பென்சில் மாதிரி இருக்கும். நகத்தால் குறுக்கே தடவினால் நீளவாக்கில் ஓடும் மெல்லிய வரிகள் தட்டுப்படும். ஒரு பக்கமாகப் பார்த்தால் நீலம் கூடும், திருப்பினால் வெளுத்துவிடும். எந்தப் பக்கத்தை மேலே வைத்துத் தீட்டுவது என்பதில்தான் கைவேலைக்காரரின் சாமர்த்தியம்.

பாறைக்குழம்பு ஆறும்போது மற்ற கனிமங்கள் பெரிலுக்கு வேண்டிய பெரிலியம் என்ற தனிமத்தை எளிதில் சேர்த்துக்கொள்வதில்லை. ஒதுக்கப்பட்டது கடைசியில் மிஞ்சும் குழம்பில் திரண்டு, பெரிலாகப் படிகமாகிறது. அதனால்தான் மரகதத்தைப் போல் கீறலும் பிசிறுமாக இல்லாமல், தெளிவாகவும் பெரிதாகவும் வளர்கிறது. 1910இல் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் கிடைத்த ஒரே படிகம் சுமார் 110 கிலோ!

கடைக்கு வரும் கற்களில் பல, சூடு கண்டவை. 400 டிகிரி செல்சியஸ் தாண்டிச் சூடாக்கினால் பச்சைச் சாயல் போய் நீலம் நிற்கும். அது மோசடி இல்லை, தொழில் வழக்கம். நீலப் புஷ்பராகத்தை இதன் பெயரில் தள்ளிவிடுவதுதான் மோசடி. அதே பருமனில் புஷ்பராகம் கனமாக இருக்கும்.

கடலோடிகளுக்குக் காப்பு என்று மேற்கே இதற்கொரு நம்பிக்கை உண்டு. நம் பக்கத்துச் சங்கதி அதைவிடச் சுவையானது. பதிற்றுப்பத்து பேசும் கொடுமணம், நொய்யல் கரையிலிருக்கும் இன்றைய கொடுமணல். அங்கே அகழாய்வில் பெரில் மணிகளோடு, பாதி வேலையில் விட்ட மணிகளும் கல் சில்லுகளும் கிடைத்தன. பட்டறை இருந்த ஊர்! பெரில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருகிறது என்று முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி எழுதிவைத்தார்.

பெயரும் இங்கிருந்தே போனது. பாலியில் வேளுரிய, வடமொழியில் வைடூரியம், கிரேக்கத்தில் பெரில்லோஸ். ஜெர்மானியர் மூக்குக்கண்ணாடியை ‘பிரில்லே’ என்பதும் இந்தக் கல்லை வைத்துத்தான். ஆனால் இன்று நம்மூர் நகைக்கடையில் வைடூரியம் கேட்டால் பூனைக்கண் கல்லைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.