மலைக்கும் கடலுக்கும் நடுவே: ஜார்ஜ்டவுனில் வெள்ளம் ஏற்படுவது ஏன்?

மாணவர்களே, 2017 நவம்பர் 4ஆம் தேதி சனிக்கிழமையன்று பினாங்கில் கனமழை கொட்டத் தொடங்கி, மறுநாள் வரை நீடித்தது. சில இடங்களில் ஆள் உயரத்திற்கும் மேல் தண்ணீர் நின்றது. மாநிலத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் நிவாரண மையங்களுக்கு மாற்றப்பட்டனர். மீட்புப் பணிக்கு இராணுவமும் வந்தது. மழை மட்டும்தான் இதற்குக் காரணமா?

முதலில் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது 1 லிட்டர் நீர். அன்று சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் பதிவானது. ஒரு காற்பந்துத் திடலின் பரப்பு சுமார் 7,000 சதுர மீட்டர். அப்படியானால் அந்த ஒரு திடலில் மட்டும் விழுந்த நீர் 21 லட்சம் லிட்டர்!

இவ்வளவு நீரும் எங்கே போகும்? பினாங்கு மலைத்தொடரின் உச்சி 833 மீட்டர் உயரம். ஆனால் மலையடிவாரத்திலிருந்து கடல் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. தண்ணீர்மலைப் பக்கமிருந்து வரும் ஆயர் தெர்ஜூன் ஆறும், ஆயர் ஈத்தாம் ஆறும் சுங்கை பினாங்கில் சேர்ந்து நகரின் வழியே கடலை அடைகின்றன. செங்குத்தான சரிவில் வேகமாக இறங்கும் நீர், தாழ்வான சமவெளிக்கு வந்ததும் வேகம் குறைந்து தேங்குகிறது.

இரண்டாவது காரணம், தரை. காட்டில் விழும் மழையை இலைகளும் வேர்களும் மண்ணும் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல விடுவிக்கின்றன. தார்ச்சாலையும் சிமெண்டுத் தளமும் அப்படிச் செய்வதில்லை. பல மணி நேரத்தில் வர வேண்டிய நீர் சில நிமிடங்களில் கால்வாய்க்கு வந்துவிடுகிறது. மலைச்சரிவில் மரங்களை வெட்டினால் மண்ணும் கூடவே வந்து ஆற்றின் ஆழத்தைக் குறைக்கிறது. குப்பை சேர்ந்தால் கால்வாய் அடைபடுகிறது.

மூன்றாவது காரணம், கடல். நிலவு, சூரியன் ஆகியவற்றின் ஈர்ப்பால் கடல் மட்டம் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இந்த ஏற்றம் அதிகம். 2017 நவம்பர் 4 பௌர்ணமி நாள். கடல் மட்டம் உயர்ந்திருக்கும்போது ஆற்று நீர் கடலில் இறங்க முடியாமல் பின்வாங்கும்.

ஆக, மலை நீரை வேகமாக அனுப்புகிறது. நகரம் அதை உறிஞ்ச மறுக்கிறது. கடல் வழிவிடத் தாமதிக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் பெருவெள்ளம்தான்.

வெள்ளம் வடிந்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவலாம். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு பெருகி டிங்கியைப் பரப்பும்.

தடுப்பது எப்படி? ஆற்றை அகலப்படுத்துவதும், முகத்துவாரத்தில் மதகும் பம்பும் அமைப்பதும் ஒரு வழி. கோலாலம்பூரில் 2007இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ‘ஸ்மார்ட்’ சுரங்கம் வெள்ள நீரைத் திசைதிருப்புகிறது. ஆனால் நீரை விரைவாக வெளியேற்றினால் மட்டும் போதாது. அது விழும் இடத்திலேயே தாமதப்படுத்தவும் வேண்டும். நீர்த்தேக்கக் குளங்கள், பூங்காக்கள், மழைநீர்த் தொட்டிகள், மலைக்காடுகள் ஆகியவை இதைத்தான் செய்கின்றன.

இதை நீங்களே சோதிக்கலாம். இரண்டு தட்டுகளை ஒரே அளவு சாய்த்து வையுங்கள். ஒன்றில் புல்லோடு கூடிய மண்ணை நிரப்புங்கள். மற்றதை வெறுமையாக விடுங்கள். இரண்டிலும் அரை லிட்டர் நீரை ஊற்றி, எவ்வளவு நீர், எத்தனை விநாடியில் வெளியேறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தின்போது ஒன்றை மறவாதீர்கள்: வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் நீரே பெரியவரையும் சாய்த்துவிடும். வேடிக்கை பார்க்க இறங்காதீர்கள். வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கை விடுத்தவுடன் முக்கியப் பத்திரங்களையும் மருந்துகளையும் உயரமான இடத்தில் வைத்து, வீட்டின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுமாறு பெற்றோரிடம் சொல்லுங்கள்.