ஒளியின் வாயிலில்

மரித்த விசுவாசிகளின் மாதமாகிய நவம்பரில் சேமக்காலைக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கும் அன்பர்களே, இவ்வாரம் உங்களை ஓர் ஓவியத்தின் முன் நிறுத்த விரும்புகிறேன். வெனிஸ் நகரில் பேணப்படும் அதனைப் 'பேறுபெற்றோரின் ஏற்றம்' என்பர். இன்றைய நெதர்லாந்தில் வாழ்ந்து 1516இல் மறைந்த ஹைரோனிமஸ் பொஷ் என்னும் கத்தோலிக்க ஓவியரின் படைப்பு அது. ஏறத்தாழ 88 சென்ரிமீற்றர் உயரமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட ஒடுங்கிய ஓக் மரப்பலகைதான். 20ஆம் நூற்றாண்டில் கனவுலகை வரையப் புறப்பட்ட சர்ரியலிச ஓவியர்கள் பொஷைத் தம் முன்னோடியாகப் போற்றியது ஏன் என்பது இதனைக் கண்டால் விளங்கும்.

கீழே இருள். அவ்விருளிலிருந்து ஆடையற்ற ஆன்மாக்களை வானதூதர் தாங்கி எழுகின்றனர். ஆன்மாக்களின் முகங்கள் மேல்நோக்கியே இருக்கின்றன. உச்சியில், வளையத்துள் வளையமாக நீண்டு செல்லும் பெரியதோர் ஒளிக்குகை. அதன் மறுமுனையில் வெண்மை. அவ்வெண்மையின் எதிரே சின்னஞ்சிறு உருவங்கள் நிழல்போல் நிற்கின்றன. அவ்வளவே.

அரியணை இல்லை, பொன்னகரம் இல்லை, திறவுகோலேந்திய பேதுருவும் இல்லை. பொஷுக்குச் சற்று முன் ஹான்ஸ் மெம்லிங் வரைந்த பொதுத்தீர்வைப் படத்தில், படிக்கட்டின் அடியில் பேதுரு கைகொடுத்து வரவேற்கிறார். மேலே வானதூதர் ஆடை அணிவிக்கின்றனர். அழகிய படம், எனினும் அதில் விண்ணகம் ஒரு பேராலய முகப்பாகிவிடுகிறது. பொஷோ வாயிலோடு நின்றுவிடுகிறார். நரகத்தை விதம் விதமாக வரைந்த அதே தூரிகை இங்கே அடங்கிப்போவதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

1975இல் அமெரிக்கரான றேமண்ட் மூடி, மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்டோரின் அனுபவங்களை நூலாக்கிய பின்னர், இவ்வோவியத்தை அத்தகைய அனுபவத்தின் சித்திரமென்று பலர் காட்டத் தொடங்கினர். அவ்வொப்புமை வியப்புக்குரியதே. ஆயினும் இதனை ஆதாரமாக ஏந்தித் திரிய வேண்டாம். மீண்டு வந்தவர்கள் மரிக்கவில்லை. பொஷ் வரைந்ததோ மீளாப் பயணத்தை.

மேலும், இது தனிப்படமன்று. நான்கு பலகைகளுள் ஒன்று. மற்றொன்றில் சபிக்கப்பட்டோர் வீழ்கின்றனர். இன்னொன்றில், நரகக் கரையில் ஒருவன் கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருக்க, பேய் அவனைப் பற்றி இழுக்கிறது. நெருப்பைக் காட்டிலும் அவன் முகத்திலுள்ள துயரமே நெஞ்சை உலுக்குகின்றது. தீர்வையை மறைத்துவிட்டு ஒளியை மட்டும் ஆறுதலாகத் தருவது பொஷின் வழக்கமன்று, திருச்சபையின் போதனையுமன்று. 2007இல் வெளியான நம்பிக்கை பற்றிய சுற்றுமடலில், பதினாறாம் ஆசீர்வாதப்பர் இவ்விரண்டையும் பிரிக்காமலே பேசினார். கிறிஸ்துவைச் சந்திப்பதே தீர்வை. அவருடைய பார்வையே நம்மைச் சுட்டுத் தூய்மையாக்கும் நெருப்பு என்னும் சிந்தனையை அதில் எடுத்துரைத்தார்.

உங்களுள் எத்தனையோ பேரின் உள்ளத்தில் ஒரு கேள்வி கிடக்கிறது. குருவானவர் வருமுன்னரே கண்மூடிய தந்தை. 2004இல் கடல் கொண்டுபோன பிள்ளை. போரில் மடிந்து, கல்லறையுமின்றிப் போன சகோதரன். "அவர் தனியாகவா போனார்?" என்று கேட்கிறீர்கள். பலகையின் அடியிலுள்ள இருளை மீண்டும் உற்றுப் பாருங்கள். அங்கேயே வானதூதர் வந்துவிட்டனர். ஒளியை எட்டிய பின்னரல்ல, இருளிலேயே தாங்கத் தொடங்குகின்றனர். அடக்கச் சடங்கில், உடலைக் கல்லறைக்குக் கொண்டு செல்கையில், வானதூதர் இவரை வான்வீட்டுக்கு அழைத்துச் செல்வார்களாக என்று திருச்சபை மன்றாடுவதும் இதையே. அம்மன்றாட்டை, உடல் கிடைக்காதவர்களுக்காகவும் நீங்கள் பெயர் சொல்லிச் செபிக்கலாம், திருப்பலியும் ஒப்புக்கொடுக்கலாம்.

பொஷுக்காகவும் அவ்வாறே மன்றாடினர். அவர் அங்கத்துவராயிருந்த அன்னை மரியாளின் சபையார், 1516 ஆகஸ்ட் 9 அன்று புனித யோவான் ஆலயத்தில் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தனர்.