மின்சார சைக்கிளும் மூன்றாம் மாடி வீடும்

சென்ற பொங்கல் விழாவன்று, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, சங்கத்து அன்பர்கள் நால்வர் என் சைக்கிளைச் சூழ்ந்து நின்றுகொண்டனர். "விலை என்ன? எவ்வளவு தூரம் ஓடும்? நாங்களும் வாங்கலாமா?" என்று கேள்விகள் பொழிந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் கூற இயலாமற்போனமையால் இதனை எழுதலானேன். நான் எஞ்சினீயர் அல்லன்; பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே பார்சல் ஆபீசில் எடையும் கட்டணமும் எழுதும் குமாஸ்தா. ஆகையால் இதில் விஞ்ஞானத்தைக் காட்டிலும் வரவு செலவே மிகுதியாக இருக்கும்.

நாகபுரியில் மணீஷ் நகர்ப் பக்கம் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். நிலையத்திற்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர். மாலை நான்கு மணி முதல் நள்ளிரவு வரை வேலை விழும் வாரங்களில், போகும்போது மெட்ரோ ரயில் உண்டு. திரும்பும்போது அது உறங்கிவிடும். அந்நேரத்தில் ஆட்டோக்காரர் கேட்பதே கட்டணம்.

இத்தொல்லைக்குத் தீர்வாக 2021-ஆம் ஆண்டு தீபாவளிக்கு மலிவாக ஒரு மின்சார ஸ்கூட்டரைத் தவணையில் வாங்கினேன். மலிவின் காரணம் பிற்பாடுதான் விளங்கிற்று. அதில் இருந்தவை நான்கு ஈய பாட்டரிகள்; எடை 28 கிலோ. அவற்றை மூன்று மாடி சுமப்பது எப்படி? பால்கனியிலிருந்து கீழே ஒரு நீண்ட கம்பியைத் தொங்கவிட்டு மின்சாரம் ஏற்றினேன். கீழ்வீட்டுக்காரர் முகம் சுளித்தார், அவர்மீது குற்றமில்லை. ஈய பாட்டரிக்கு வெப்பமும் பகை, சார்ஜ் இறங்கிய நிலையில் கிடப்பதும் பகை. நாகபுரியின் மே மாதமோ 45 டிகிரியைத் தொடுவது. மறு கோடையில் ஒருநாள் நடுநிசியில் அஜ்னிக்கு அருகே வண்டி நின்றது. அத்தனை எடையையும் வீடுவரை தள்ளினேன். ஐந்து தவணை பாக்கியிருந்தது. விற்ற கடையோ அதற்குள் பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டு வேறு வியாபாரம் தொடங்கியிருந்தது.

பிறகுதான் சைக்கிளின் நினைவு வந்தது. என் தந்தையார் கலாசியாக இருந்த காலத்தில் வாங்கிய கனத்த சைக்கிள் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் மோட்டார் பொருத்திவிட்டால் பணமும் மிச்சம், தந்தையார் நினைவும் நிலைக்கும் என்று எண்ணிச் சீதாபுல்டியில் எனக்குத் தெரிந்த மிஸ்திரியிடம் கொண்டுபோனேன். அவர் பிரேக்கின் இரும்புத் தண்டை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது உங்கள் அப்பாவை நிறுத்தும், மோட்டாரை நிறுத்தாது. அதிலும் மழையில் நனைந்த ரிம்மை இது பிடிக்கவே பிடிக்காது" என்றார். வந்த வருமானத்தை வேண்டாமென்று சொல்லும் மனிதரை எவ்வளவு நம்பினாலும் தகும். தந்தையாரின் சைக்கிள் மாடிப்படியடிக்கே திரும்பிற்று. டிஸ்க் பிரேக் உள்ள புதிய சைக்கிள் ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கி, அதன் பின்சக்கரத்தில் மோட்டாரைப் பொருத்தினோம். மோட்டாரின் அச்சு திமிறிக் கழன்றுவிடாதபடி இருபுறமும் முறுக்குத் தடுக்கும் தகடுகள் உண்டா என்று பார்த்துக்கொள்க. சிலர் அவற்றைப் போடாமலே விட்டுவிடுகின்றனர்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பாட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேற்படாமலும் இருப்பின், மத்திய மோட்டார் வாகன விதிகள் அதனை மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. பதிவு வேண்டாம், லைசென்சு வேண்டாம். தக்க பிரேக்கும், முன்னே வெள்ளை, பின்னே சிவப்புப் பிரதிபலிப்பானும் மட்டும் கட்டாயம். சோதனைச் சான்றிதழைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குதல் நலம். மாற்றல் உத்தரவை எதிர்பார்த்தே வாழும் நம்மவர்க்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு. பதிவு பெற்ற வண்டியை வேறு மாநிலத்தில் ஓராண்டுக்கு மேல் வைத்திருப்பதானால் தடையில்லாச் சான்று, புதிய எண், புதிய வரி என்று அலைய வேண்டும். இதற்கு அவ்வலைச்சல் கிடையாது. "வேகத்தைத் திறந்துவிடுகிறேன், நாற்பதில் பறக்கும்" என்று ஆசை காட்டும் கடைக்காரரும் உண்டு. திறந்த கணமே அது பதிவற்ற, காப்பீடற்ற மோட்டார் வாகனமாகிவிடும்.

பழைய பெட்ரோல் ஸ்கூட்டரை மின்சாரத்திற்கு மாற்ற விரும்புவோர்க்கு வேறு வழி. புனாவிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தின் ஒப்புதல் பெற்ற சாதனமாக இருக்க வேண்டும். மாற்றத்தைப் பதிவுச் சான்றிலும் ஆர்.டி.ஓ.விடம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனிக் கணக்கு. என் பாட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 360 வாட்-மணி. சார்ஜர் தின்பதையும் சேர்த்து முழுதாக ஏற்ற 0.4 யூனிட் ஆகும். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் 4 ரூபாய். நானும் மிதித்துக்கொண்டே போனால் 30 கிலோமீட்டர் வருகிறது. கிலோமீட்டருக்கு 13 பைசா! விளம்பரங்கள் இத்துடன் நின்றுவிடுகின்றன. பாட்டரியும் தேயும் பொருளல்லவா? அதன் விலை 12,000 ரூபாய். 600 முழுச் சார்ஜ் தாங்கும் என்று மிதமாக எண்ணினால் 18,000 கிலோமீட்டர். ஆக, தேய்மானம் மட்டும் கிலோமீட்டருக்கு 67 பைசா. மெய்யான செலவு 80 பைசாவுக்கு ஒட்டி நிற்கிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு எரிபொருள் மட்டுமே 2 ரூபாய்க்கு மேல். லாபம் உண்டு, ஆனால் கடைக்காரர் சொல்லும் அளவு இல்லை.

இவ்வளவு கணக்குப் போட்ட நான் ஒன்றை மறந்தேன். பாட்டரியை வீட்டுக்குள் கொண்டுவர என் மனைவி இசையவில்லை. அவள் பிறந்த ஊர் காட்பாடி. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜில் போட்டிருந்த மின்சார வண்டி தீப்பற்றி, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். "நம் வீட்டுக்கும் வாசல் ஒன்றுதான். அதன் பக்கத்தில் இதை வைத்துவிட்டுக் குழந்தையைத் தூங்க வைக்க என்னால் முடியாது" என்றாள். நான் கோபித்துக்கொண்டேன், இரண்டு நாள் ஆட்டோவிலேயே போனேன். மூன்றாம் நாள் நள்ளிரவில் படியேறி வந்து, இருளில் உறங்கும் மகளைத் தாண்டி நடக்கையில், அவள் சொன்னதற்கு என்னிடம் விடையில்லை என்பதை உணர்ந்தேன்.

இப்போது எங்கள் ஏற்பாடு இது. இரவு வந்ததும் பாட்டரியைக் கழற்றிப் பால்கனியின் வெறுந்தரையில் வைத்துவிடுகிறேன்; ஓடிய சூடு தணியட்டும். காலையில் எல்லோரும் விழித்திருக்கும்போது, வெயில் ஏறுமுன், அங்கேயே சார்ஜ் போடுகிறோம். பக்கத்தில் துணி, காகிதம், மெத்தை எதுவும் கூடாது. நிறைந்ததும் பிடுங்கிவிட வேண்டும். 36 வோல்ட் லித்தியம்-அயான் பாட்டரிக்கு அதனுடன் வந்த 42 வோல்ட் சார்ஜரைத் தவிர வேறெதையும் செருகலாகாது. வீங்கினாலும், தண்ணீரில் முழுகினாலும், கீழே விழுந்து நசுங்கினாலும் அப்பாட்டரியை மீண்டும் ஏற்றலாகாது. காலை வேலை வாரங்களில் மாலையில் ஏற்றுகிறோம். போகவர 16 கிலோமீட்டர்தானே, ஒருநாள் தவறினாலும் பாதகமில்லை. ஆபீசிலேயே செருகிவிடலாமே என்று ஒரு நண்பர் யோசனை கூறினார். பிறர் பார்சலில் அரைக் கிலோ கூடினாலும் கட்டணம் வசூலிக்கும் நான் ரயில்வே மின்சாரத்தைக் கேளாமல் எடுப்பதெப்படி?

சார்ஜர் என் மனைவியின் அலமாரியில்தான் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு அவளே எடுத்துத் தருகிறாள். பச்சை விளக்கு எரிந்ததும் அவளே வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறாள்.